பாய்ச்சலுக்கு முந்திய நொடி

பறவை தேடுவதற்கென்று பாயின்டர் வகை நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வளர்ப்பவர்களுக்கு, அதன் ஏழாவது எட்டாவது மாதத்தில் ஒரு கவலை வந்து சேரும். அதுவரை கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த குட்டி, புல்வெளியில் ஒரு முயல் துள்ளி ஓடக் கண்டதும் நாலுகால் பாய்ச்சலில் போய்விடும். கத்தினாலும் விசில் ஊதினாலும் காதில் ஏறாது. கொஞ்ச நேரம் கழித்து நாக்குத் தொங்க, மேல்மூச்சு வாங்க, பெரிய காரியம் செய்துவிட்ட பூரிப்போடு திரும்பி வரும். மறுநாளிலிருந்து வெளியே அழைத்துப் போனாலே அதன் மூக்கு தரையைத் தேட ஆரம்பித்துவிடும்.

அமெரிக்காவின் கான்சஸ் புல்வெளிகளிலும், இங்கிலாந்தின் யார்க்ஷயர் மேட்டுநிலங்களிலும், ஜெர்மனியின் சர்க்கரைக் கிழங்கு வயல்களிலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் கவலை இது. அதற்குக் கிடைக்கும் அறிவுரைகளும் வழிவழியாக வருபவைதான். "முளையிலேயே கிள்ளிவிடு, நாலு அடி போட்டால் மறந்துவிடும்" என்பார்கள் ஒரு சாரார். "குட்டிதானே, வளர வளரத் தானாகச் சரியாகிவிடும்" என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டுமே தவறு. முயல் மேல் குட்டிக்கு வரும் ஆசையும், பறவையின் வாடை பட்டதும் அது அசையாமல் நிற்பதும் ஒரே வேரிலிருந்து வருபவை. ஒன்றை வெட்டப் போனால் மற்றதும் வாடிப்போகும். கண்டுகொள்ளாமல் விட்டாலோ, ஒன்று மற்றதை விழுங்கிவிடும். நல்ல பயிற்சி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முயலை வெறுக்கக் கற்றுக்கொடுப்பதல்ல அது; முயலைக் கண்டாலும் நிற்கக் கற்றுக்கொடுப்பது.

அந்த நிற்றல் எங்கிருந்து வந்தது?

ஓநாய் இரை பிடிப்பதைப் பகுத்துப் பார்த்தால் அது ஒரு தொடர்வரிசை. இரை இருக்கும் திசைக்குத் திரும்புதல், கண் எடுக்காமல் உற்று நோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கடித்துக் கொல்லுதல், கிழித்துத் தின்னுதல். ஓநாயிடம் இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தடையின்றி வரும். நாய் இனங்களில் மனிதன் செய்ததெல்லாம், இந்த வரிசையில் சில கண்ணிகளைப் பெருக்கி, சிலவற்றை மங்கவைத்ததுதான் என்று விளக்கியவர்கள் அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கரும் அவருடைய துணைவி லோர்னாவும். 2001-ல் வெளிவந்த அவர்களுடைய 'நாய்கள்' என்ற நூல், இனத்துக்கு இனம் நடத்தை மாறுவதைப் புரிந்துகொள்ள இன்றும் உதவுகிறது.

ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் உற்று நோக்குதலும் பதுங்குதலும் துரத்துதலும் ஓங்கியிருக்கும். கவ்வும் கண்ணி தளர்ந்திருக்கும். சுடப்பட்ட வாத்தைத் தூக்கிவரும் ரெட்ரீவர் நாய் ஆசையாகக் கவ்வும். ஆனால் கடித்துச் சிதைக்காது. தமிழகத் தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் துரத்தும் கண்ணி உச்சத்தில் நிற்கும் இனங்கள். நீண்ட கால்களும் ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த மார்பும் அந்த ஓட்டத்துக்காகவே அமைந்தவை. முயல் வேட்டைக்கு அவை பேர்போனவையாக இருந்தன; 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் இன்று அந்த வேட்டை குற்றம்.

பாயின்டர், செட்டர், ஜெர்மன் ஷார்ட்ஹேர், ஹங்கேரியின் விஸ்லா, பிரான்ஸின் பிரிட்டனி ஆகிய இனங்களில் நடந்தது வேறு. பதுங்குதலுக்கும் பாய்தலுக்கும் இடையில் எந்த வேட்டை விலங்குக்கும் ஒரு நொடி உண்டு. தசைகள் இறுகி, மூச்சு அடங்கி, உடல் முழுவதும் முன்னோக்கிக் குவியும் நொடி அது. பூனை குருவியின் மேல் பாயும் முன் அந்த நொடியைப் பார்க்கலாம். அந்த நொடியைத்தான் மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து நீட்டினான். பாயின்டர் நிற்பது, நாணை இழுத்து அம்பை விடாமல் பிடித்திருக்கும் வில். உள்ளே விசை குறைவதில்லை. வெளியேற்றம் மட்டும் தள்ளிப் போகிறது.

சார்லஸ் டார்வின் 1859-ல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இதைத் தொட்டுச் செல்கிறார். பயிற்சியே இல்லாத பாயின்டர் குட்டிகள், முதன்முறை வெளியே அழைத்துச் செல்லப்படும்போதே நின்று காட்டுவதுண்டு என்றும், தானே அதைக் கண்டதாகவும் எழுதுகிறார். பாய்வதற்கு முன் விலங்கு எடுத்துக்கொள்ளும் இடைநிறுத்தத்தின் மிகையான வடிவமாகவே இது இருக்கக்கூடும் என்பதும் அவர் கருத்து. மரபணுச் சான்றுகளும் இப்போது மெல்லச் சேர்ந்துவருகின்றன. 2015-ல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நின்று காட்டும் இனங்களான பெரிய மியூன்ஸ்டர்லேண்டரையும் வைமரானரையும் மேய்ப்பு நாய்களோடு ஒப்பிட்டு, இந்த நடத்தையில் பங்கு இருக்கக்கூடிய இரண்டு மரபணுக்களைச் சுட்டினார்கள். 2022-ல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தரவுகளை அலசிய அமெரிக்க ஆய்வு, நாய்களின் பெரும் மரபுவழிகளுக்கு இடையிலான நடத்தை வேறுபாடுகள் மூளை வளர்ச்சியை நெறிப்படுத்தும் மரபணுப் பகுதிகளோடு தொடர்புடையவை என்று காட்டியது.

ஆகவே நிற்றல் பிறப்பிலேயே வருகிறது. ஆனால் பாதியளவில்தான் வருகிறது. துரத்தும் கண்ணி அறுந்துபோய்விடவில்லை. அடுத்த படியில் அது தயாராகக் காத்திருக்கிறது. முயல் போய்த் தொடுவது அந்தப் படியைத்தான்.

காற்றில் வரும் வாடை, தரையில் கிடக்கும் வாடை

பறவைக்கு நிற்கும் அதே குட்டி முயலுக்கு ஏன் நிற்பதில்லை? இரண்டு இரைகளும் நாயின் புலன்களை இரண்டு விதமாகத் தொடுவதுதான் காரணம்.

கான்சஸில் நவம்பர் மாதத்து வயலோரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு பாப்வைட் காடைகள் காய்ந்த புல்லுக்குள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஆபத்து நெருங்கினால் அசையாமல் இருப்பதுதான் அவற்றின் முதல் தற்காப்பு. அவற்றின் உடலிலிருந்து எழும் வாடை காற்றில் கலந்து, போகப் போக விரிந்து, கூம்பு வடிவில் பரவுகிறது. நாய் தலையைத் தூக்கிக்கொண்டு, காற்றை எதிர்த்து இடமும் வலமுமாக வீச்சு வீச்சாக ஓடுகிறது. கூம்பின் விளிம்பு மூக்கில் பட்டதும் ஓட்டம் முறிகிறது. தலை காற்றின் பக்கம் சுண்டித் திரும்புகிறது. இரண்டு எட்டு மெல்ல வைத்து நிற்கிறது. ஒரு முன்னங்கால் மடிந்திருக்கிறது, வால் விறைத்திருக்கிறது, மூக்குத் துளைகள் மட்டும் அடங்காமல் விரிந்து சுருங்குகின்றன. மனித மூக்கில் ஐம்பது அறுபது லட்சம் மோப்ப உணர்செல்கள் இருக்கின்றன என்றால், நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். பறவையைக் கண்ணால் காணாமலே அது இருக்கும் திசையும் தூரமும் நாய்க்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கே பறவையே பாதி ஆசானாக இருக்கிறது. நாய் ஓர் எட்டு அதிகம் வைத்தால் காடைகள் சடசடவென்று மேலெழும்பிப் போய்விடும். ஆகாயத்தில் போனதை நாயால் தொடர முடியாது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். நெருங்கினால் இழப்பு, நின்றால் வாடை நீடிக்கும் என்பதைப் பறவை ஒவ்வொரு முறையும் சொல்லித் தருகிறது.

முயல் சொல்லித் தரும் பாடம் நேர் எதிரானது. வட அமெரிக்காவின் காட்டன்டெய்ல் முயலும் முதலில் அசையாமல் பதுங்கத்தான் செய்யும். ஆனால் கிளம்பிவிட்டால் நாயின் மூக்குக்கு முன்னாலேயே, நாய் ஓடும் அதே தரையில், வளைந்து வளைந்து ஓடும். வெள்ளை வால் மின்னி மின்னி மறையும். எட்டிப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் கடைசி நொடி வரை கலையாது. நாயின் விழித்திரை நிறங்களைப் பிரிப்பதில் நம் கண்ணைவிடக் குறைவானது. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. அசைவைப் பிடிப்பதில் அது கூர்மையானது. காய்ந்த புல்லில் உட்கார்ந்திருக்கும் பழுப்பு முயல் கண்ணில் படாமல் போகலாம். அதே முயல் ஓட ஆரம்பித்தால் தப்பவே தப்பாது. மூக்கின் வேலையாக இருந்தது ஒரு நொடியில் கண்ணின் வேலையாகிவிடுகிறது. மூக்கு நிறுத்துகிறது, கண் துரத்தச் சொல்கிறது.

முயல் போன பிறகும் விஷயம் முடிவதில்லை. காலடிக்குக் காலடி வாடை தரையில் கிடக்கிறது. நசுங்கிய புல்லின் நெடியும் அதோடு சேர்கிறது. மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டே தொடரலாம். பறவையின் வாடையைப் பிடிப்பது அதைவிடக் கடினம். தரையில் கூடு கட்டும் பறவைகள் தங்கள் வாடையைக் குறைத்துக்கொள்ளவும் வல்லவை. சிறகு கோதப் பயன்படுத்தும் மெழுகின் வேதிக் கட்டமைப்பைக் கரையோரப் பறவைகள் அடைகாக்கும் பருவத்தில் மாற்றிக்கொள்கின்றன என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். 2005-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பயிற்சி பெற்ற மோப்ப நாய் ஒன்று வழக்கமான மெழுகைவிட அடைகாக்கும் பருவத்து மெழுகைக் கண்டுபிடிக்கத் திணறியது. கடினமான வாடை ஒரு பக்கம், சுலபமான வாடை மறுபக்கம் என்றால், அனுபவமில்லாத குட்டி எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூர்ந்து பார்ப்பவருக்கு நாயின் உடம்பே எது என்று சொல்லிவிடும். பறவையின் வாடையில் வேலை செய்யும்போது தலை முதுகுக்கு மேலே இருக்கும். ஓட்டம் அகலமாக இருக்கும். முயலின் தடத்தில் தலை தாழ்ந்து, முதுகு கூனி, சுற்றிச் சுற்றிக் குறுக்கே திரியும். வால் படபடவென்று அடித்துக்கொள்ளும். இந்த வேறுபாட்டைப் படிக்கக் கற்றவருக்கு, முயல் கிளம்புவதற்குச் சில நொடிகள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. பயிற்சியில் பாதி வெற்றி அந்தச் சில நொடிகளில் இருக்கிறது.

துரத்துவதே கூலி

"ஒரு முயலையும் பிடித்ததில்லை, பிறகு ஏன் விடாமல் ஓடுகிறது?" என்று நாய் வளர்ப்போர் கேட்பதுண்டு. பிடிப்பது கூலி, துரத்துவது உழைப்பு என்று நாம் நினைத்துக்கொள்வதால் எழும் கேள்வி இது. நாயின் மூளையில் கணக்கு வேறு.

பாலூட்டிகளின் உணர்ச்சிகளை ஆராய்ந்த யாக் பாங்செப், மூளையின் ஆழத்தில் தேடலுக்கென்றே ஓர் அமைப்பு இருப்பதாக விளக்கினார். டோபமைன் என்ற வேதிப்பொருளால் இயங்கும் அந்த அமைப்பு, இரை கிடைத்த பிறகு வரும் நிறைவைவிட, கிடைக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பில் பொங்குகிறது. 1990-களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் நடத்திய சோதனைகள் இதற்கு இன்னும் நுட்பமான வடிவம் கொடுத்தன. பழச்சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்கூட்டியே அறிவிக்கிறது என்று குரங்கு கற்றுக்கொண்டதும், டோபமைன் நரம்பணுக்கள் சாறு வரும்போது அல்ல, விளக்கு எரியும்போதே துடித்தன. முயலைத் துரத்திப் பழகிய நாய்க்குப் புதரோரமும் அந்தி வெளிச்சமும் தரையில் ஒரு மெல்லிய வாடையும் அந்த விளக்கின் வேலையைச் செய்கின்றன. முயல் வெளியே வருமுன்பே மூளை அங்கே போய்விடுகிறது.

இதிலிருந்து பயிற்சியாளர் மறக்கக் கூடாத ஒன்று பிறக்கிறது. ஒவ்வொரு துரத்தலும் ஒரு பாடம். நாம் சொல்லிக்கொடுக்காத பாடம், ஆனால் உடனுக்குடன் முழுக் கூலியோடு நடக்கும் பாடம். எனவேதான் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலிப்பதில்லை.

குட்டியின் வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட நாய்கள் எட்டாவது மாதத்தில் தங்களை வளர்ப்பவரின் சொல்லுக்கு மட்டும் குறைவாகவே கீழ்ப்படிந்தன. ஒரு வயதை எட்டும்போது பெரும்பாலும் பயிற்சிக்குத் திரும்ப இணங்கின. விடலைப் பருவம் நாய்க்கும் உண்டு. முயல் ஆசை முளைக்கும் அதே மாதங்களில் காதும் அடைத்துக்கொள்கிறது. இது குணக்கேடல்ல, வளர்ச்சியின் ஒரு கட்டம் என்று அறிந்தவர் கோபத்தைக் கைவிட்டு, நீளக்கயிற்றைக் கையில் எடுப்பார்.

குற்றமா, திறமையா?

முயல் மேல் ஆர்வம் காட்டுவது குறையா இல்லையா என்பதற்கு நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. பாயின்டர், செட்டர் நாய்களுக்கான களப்போட்டிகள் பிரிட்டனில் 1865-ல் பெட்ஃபோர்ட்ஷயரின் சவுத்ஹில்லில் தொடங்கியதாகப் பதிவு. அங்கே இந்த நாய்கள் கிரௌஸ், கௌதாரி போன்ற பறவைகளுக்கு மட்டும் உரியவை. முயலைத் துரத்தும் நாய் போட்டியிலிருந்து வெளியேற்றப்படும்.

ஜெர்மன் மரபு வேறு. ஒரே நாய் பறவையையும் தேட வேண்டும், முயலையும் தேட வேண்டும், அடிபட்ட விலங்கின் தடத்தையும் பிடிக்க வேண்டும் என்று அங்கே எதிர்பார்த்தார்கள். இளம் நாய்களுக்கு வசந்த காலத்தில் நடக்கும் தகுதித் தேர்வில் முயல் தடம் பிடிப்பதும் ஒரு பாடம். முயல் கண்ணுக்கு மறைந்த பிறகு அதன் தடத்தில் நாயை விடுவார்கள். விடாப்பிடியாகவும் பிசகாமலும் தொடர்கிறதா என்று பார்த்து மதிப்பெண் இடுவார்கள். பின்னாளில் முதிர்ந்த நாய்களுக்கான தேர்விலோ, கண்ணெதிரே முயல் ஓடும்போது சொல்லுக்கு நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

இந்த வரிசை ஆழ்ந்த அறிவின் வெளிப்பாடு என்று நான் கருதுகிறேன். முதல் ஆண்டில் ஆர்வத்தை அளக்கிறார்கள். பிறகுதான் அடக்கத்தை அளக்கிறார்கள். ஆர்வமில்லாத நாய் நிற்பதில் பொருளில்லை என்பது இதற்குள் இருக்கும் தெளிவு. பறவைக்கு மட்டும் நாய் வேண்டும் என்பவரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. முயலைத் துரத்திய குட்டி, தன்னிடம் விசை இருக்கிறது என்று காட்டியிருக்கிறது. அந்த விசைக்கு இனி ஒரு பிடி தேவை.

நிற்கக் கற்பித்தல்

முதல் வேலை, துரத்தும் வாய்ப்பைக் குறைப்பது. முயல்கள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் வெளியே வரும். அந்த வேளைகளில் வேலியோரமும் முட்புதரோரமும் குட்டியை அவிழ்த்துவிடாமல், வெயில் கடுமையாக இல்லாத நாட்களில் பகல் பொழுதில், பறவைகள் நிறைந்த திறந்த வெளியில் பழக்க வேண்டும். காற்று முகத்தில் அடிக்கும்படி வயலுக்குள் நுழைந்தால் தலை தானாக உயரும். பறவையின் வாடை எவ்வளவு அதிகமாகக் கிடைக்கிறதோ, அவ்வளவுக்கு முயலின் இடம் சுருங்கும். ஒரு பருவம் முழுக்கப் பறவைகளைக் கண்ட நாய்க்கு முயல் இரண்டாம் பட்சமாகிவிடுவதாகப் பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள்.

காட்டுப் பறவை கிடைக்காத இடத்தில் வளர்ப்புப் புறாக்கள் கைகொடுக்கும். புறாவை ஒரு சிறு பெட்டியில் வைத்துப் புல்லில் மறைத்து, தொலைவிலிருந்து பொத்தானை அழுத்தித் திறக்கும் கருவிகள் இருக்கின்றன. குட்டி வாடை பிடித்து நின்றால் பெட்டி மூடியே இருக்கும். ஓர் எட்டு முன்னால் வைத்தால் புறா பறந்து வீடு போய்ச் சேரும். திட்டும் இல்லை, அடியும் இல்லை. நெருங்கினால் போய்விடும் என்ற ஒரே விதியைக் குட்டி தானே கண்டுபிடிக்கிறது. பெட்டி திறக்கும் சத்தத்துக்குக் குட்டி மிரளாதபடி தூரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது மட்டும் கவனம்.

இரண்டாவது வேலை, நில் என்ற ஒரு சொல்லை உறுதியாக்குவது. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இதற்கு 'வோ' என்பார்கள். எந்தச் சொல்லானாலும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். இதை முயலிடம் தொடங்கக் கூடாது, சோற்றுத் தட்டில் தொடங்க வேண்டும். தட்டை வைக்கும்போது நில் என்று சொல்லி ஒரு நொடி காத்திருந்து, சரி என்று விட வேண்டும். ஒரு நொடி இரண்டாகி, இரண்டு பத்தாகும். பிறகு வாசலில், நடைபாதையில், உருளும் பந்தின் எதிரில், கயிற்றில் இழுக்கும் முயல்தோல் பொம்மையின் எதிரில். பிரிட்டனில் ரப்பர் கயிற்றால் திடீரென்று பாயும் முயல் பொம்மைகளை இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். உயிருள்ள முயல்கள் திரியும் வேலியடைத்த பயிற்சி வளாகங்களும் அங்கே உண்டு. படிப்படியாக ஏறுவதுதான் இதன் உயிர். ஒரு படியில் நாய் தடுமாறினால் முந்திய படிக்கு இறங்க வேண்டும்.

உயிருள்ள முயலின் எதிரில் தூரமே எல்லாம். முப்பது அடியில் பயிற்சி எடுபடாத நாய் நூறடியில் அமைதியாக இருக்கலாம். ஆறு முதல் பத்து மீட்டர் நீளக்கயிற்றின் நுனியைப் பிடித்தபடி, முயலைப் பார்க்க முடிகிற, ஆனால் பித்தேறாத தூரத்தில் நிற்க வேண்டும். குட்டியின் காதுகள் முன்னால் குவியும். தோள் தாழும். வாய் மூடிக்கொள்ளும். இதுதான் அந்த நொடி. இப்போது நில் என்று ஒரே முறை, தாழ்ந்த குரலில். பிறகு பேசாமல் காத்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் ஒரு காது மட்டும் பின்னால் திரும்பும். அடுத்து கண் ஒரு கணம் ஆளின் பக்கம் வரும். நாய் முயலை மறந்துவிடவில்லை, ஆனால் நம்மையும் நினைத்துக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தக் கணத்திலேயே பாராட்டும் பரிசும் போய்ச் சேர வேண்டும்.

பரிசு எது என்பதில் உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959-ல் முன்வைத்த கோட்பாடு வழிகாட்டுகிறது. ஓர் உயிர் தானாக அதிகம் செய்ய விரும்பும் செயலை, அது குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்பது அது. முயலைக் கண்டு கொதிக்கும் நாய்க்குப் பிஸ்கட் சில நேரம் கண்ணிலேயே படாது. ஓடுவதும் தேடுவதும்தான் அதற்கு அப்போது வேண்டியவை. ஆகவே நின்ற நாயை எதிர்த்திசையில், பறவைகள் இருக்கும் பக்கம், ஓடித் தேடு என்று அவிழ்த்துவிடுவதே பெரிய பரிசு. முயல் வேலையும் வேண்டும் என்பவர்கள், முயல் போய் மறைந்த பிறகு அது படுத்திருந்த இடத்தைக் கயிற்றோடு மோந்து பார்க்க விடலாம். எப்படியானாலும் நிற்றல் ஓர் இன்பத்தின் முடிவாக நாய்க்குத் தோன்றக் கூடாது. இன்னொன்றின் தொடக்கமாகத் தோன்ற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் நாய் துரத்திக்கொண்டு ஓடத்தான் செய்யும். அப்போது திரும்பத் திரும்பக் கத்துவதால், கேட்காமல் போனாலும் ஒன்றும் ஆகாது என்பதைத்தான் அது கற்கும். திரும்பி வந்ததும் அடித்தாலோ, அந்த அடி ஓடியதற்கு அல்ல, வந்ததற்கு என்று அதன் மனதில் பதியும். பேசாமல் வாரைக் கட்டி அழைத்துப் போய், மறுநாள் பழைய படியிலிருந்து தொடங்குவதே சரி. கயிற்றின் கடைசி வரை முழு வேகத்தில் ஓடவிட்டு இழுத்து நிறுத்துவதும் கூடாது, கழுத்தெலும்புக்கு ஆபத்து. நீளக்கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டுவதைவிட மார்புப்பட்டையில் கட்டுவது நல்லது.

மின்பட்டை பற்றி

கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பட்டை கட்டி, முயலைத் துரத்தும்போது பொத்தானை அழுத்துவது பல நாடுகளில் பழக்கத்தில் உள்ள குறுக்குவழி. வேல்ஸில் இது 2010 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஜெர்மனியிலும் தடை உண்டு. 2014-ல் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 63 நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, பரிசு வழிப் பயிற்சியைவிட மின்பட்டை சீரான நன்மை எதையும் தரவில்லை, நாயின் நலனுக்குக் கவலை தரும் அறிகுறிகளே கூடின என்று முடித்தது. 2024-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 19 நாய்களில், ஓடும் பொம்மை இரையைத் துரத்துவதை மின்பட்டை விரைவாக நிறுத்தியது என்றும், உணவு வழிப் பயிற்சி அதே குறுகிய காலத்தில் நிறுத்தவில்லை என்றும் காட்டியது. விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் பாயின்டர் குட்டியைப் பொறுத்தவரை பதில் தெளிவாக இருக்கிறது என்பது என் துணிபு. அதிர்ச்சி பட்ட கணத்தில் நாய் எதை மோந்துகொண்டிருந்தது, எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. முயலை நினைத்து அழுத்திய பொத்தான், அதே புல்லில் மறைந்திருந்த காடையின் வாடையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால், நாய் அடுத்த முறை காடையின் வாடை பட்டதும் ஒன்றும் தெரியாதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிவிடும். பறவை நாய்களுக்கு வரக்கூடிய கேடுகளில் மீட்க மிகக் கடினமானது இது. வேகமாகக் கிடைக்கும் பலனுக்காக, நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு மூக்கைப் பணயம் வைப்பது நியாயமில்லை.

நிற்றலின் பயன்

இவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்டால், முதல் பதில் நாயின் உயிர். துரத்தும் நாய்க்குச் சாலையும் முள்கம்பியும் தெரியாது. முயலைப் பிடித்துக் குடலைத் தின்னும் நாய்க்கு நாடாப்புழு தொற்றும். முயலிடமிருந்து துலரீமியா என்ற நோய் அதைத் தொடும் மனிதருக்கும் வரலாம். இரண்டாவது பதில், காட்டு உயிர்களின் நலன். ஜெர்மனியின் லோயர் சாக்ஸனி மாநிலத்தில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை, குட்டி ஈனும், அடைகாக்கும் பருவத்தில், திறந்த வெளியில் நாய்களை வாரில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பருவத்தில் ஒரு துரத்தல், ஒரு கூட்டையோ ஓர் ஈற்றையோ அழித்துவிடலாம்.

மூன்றாவது பதில், நிற்கும் நாய் இன்று வேட்டையைத் தாண்டி வளர்ந்திருக்கும் இடத்தைக் காட்டுவது. நார்வே மலைகளில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் தன்னார்வலர்கள் பாயின்டர், செட்டர் நாய்களோடு வரையறுத்த கோடுகளில் நடந்து, வில்லோ டார்மிகன் பறவைகளை எண்ணுகிறார்கள். ஸ்காட்லாந்தில் சிவப்பு கிரௌஸ் பறவைகளின் கணக்கெடுப்பும் இத்தகைய நாய்களைக் கொண்டே நடக்கிறது. நியூசிலாந்தில் ரிச்சர்ட் ஹென்றி 1890-களிலேயே வாய்க்கூடு மாட்டிய நாயின் மூக்கை நம்பி, அழிவின் அச்சுறுத்தலில் இருந்த காக்காப்போ, கிவி பறவைகளைத் தேடிப் பிடித்து ரெசல்யூஷன் தீவுக்குக் கொண்டுசேர்த்தார். இந்த வேலைகளிலெல்லாம் பறவையைக் கண்டுபிடித்த பிறகு நாய் என்ன செய்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. நடுவில் ஒரு முயல் குறுக்கே ஓடியதற்காகக் கோட்டை விட்டு விலகிப்போகும் நாயை வைத்துப் பறவைகளை நம்பகமாக எண்ண முடியாது.

குட்டியின் முயல் ஆசையைப் பயிற்சி அழித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். அழித்துவிட்டால் அதைவிடப் பெரிதாக ஏமாறுவார். தேர்ந்த நாய்க்கு முயல் தெரியும். காது குவியும், உடல் இறுகும், பிறகு அது காற்றின் பக்கம் திரும்பித் தன் வேலையைத் தொடரும். மரபு கொடுத்தது ஒரு நொடி. அதை ஒரு நிமிடமாக்குவது நம் பொறுப்பு. அதற்கு இரண்டு பருவம் ஆகலாம். அந்தக் காலத்தைக் கொடுக்க மனமுள்ளவர் மட்டுமே இந்த இனத்து நாயை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.